அதிகாரம் கையில் இருக்கும்போது அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் இருப்பது எப்படி

ஒரு பள்ளியின் தலைமையாசிரியராகவோ, அலுவலகத்தில் சிலருக்கு மேலதிகாரியாகவோ, ஒரு சங்கத்தின் செயலாளராகவோ பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். அதிகார துஷ்பிரயோகம் என்றதும் சர்வாதிகாரிகளையும் சிறைக்கூடங்களையும் நினைத்துக்கொண்டு, அது நமக்குச் சம்பந்தமில்லாத பெரிய மனிதர்களின் குற்றம் என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ஒருவருடைய சம்பளம், மதிப்பெண், விடுப்பு, நற்பெயர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உங்கள் கையெழுத்தை நம்பி இருக்குமானால், அவரைப் பொறுத்தவரை நீங்கள்தான் அரசாங்கம்.

ஒரு காரியத்துக்காக நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தை வேறொரு காரியத்துக்காகச் செலுத்துவதே துஷ்பிரயோகம். அதற்கு எந்த விதியையும் மீற வேண்டிய அவசியம்கூட இல்லை. கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் உங்கள் கருத்தை மறுத்துப் பேசிய ஒருவர், மறுநாள் தம் தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்புக் கேட்டு விண்ணப்பம் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதை நிராகரிக்கவில்லை. மேசையின் ஓரத்தில் மற்ற கோப்புகளுக்கு அடியில் வைக்கிறீர்கள். அவர் இரண்டு முறை அறை வாசல் வரை வந்து, நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். மூன்றாம் நாள் மாலை, "இது இங்கேயா இருந்தது, முன்பே ஞாபகப்படுத்தியிருக்கலாமே" என்று சொல்லிக் கையெழுத்திடுகிறீர்கள். எந்த விசாரணையிலும் இதைக் குற்றம் என்று நிரூபிக்க முடியாது. ஆனால் உங்களை மறுத்துப் பேசினால் என்ன ஆகும் என்பதை அவரும், அவர் வாசலில் நின்றதைப் பார்த்த மற்றவர்களும் அன்றே தெரிந்துகொண்டார்கள். புகார்களை விசாரிக்கும் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுத்தில் சிக்கும் கொடுமைகளைவிட, இப்படி இழுத்தடிப்பாகவும் மறதியாகவும் நடந்தேறும் கொடுமைகளே அதிகம்.

காரணம் கேட்கப்படாத இடங்களைக் கண்டுபிடியுங்கள்

உங்கள் பொறுப்பில் நீங்கள் எடுக்கும் முடிவுகளில், யாரும் உங்களிடம் காரணம் கேட்காதவை எவை என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். யாருக்கு எந்த வேலையைப் பிரித்துக் கொடுப்பது, யாருடைய விண்ணப்பத்தை முதலில் எடுப்பது, யாரைக் கூட்டத்துக்கு அழைக்காமல் விடுவது, யாருடைய பணி மதிப்பீட்டில் "திருப்திகரம்" என்று எழுதுவது போன்றவை அந்தத் தாளில் இடம்பெறும். விதிகளும் தணிக்கையும் இருக்கும் இடங்களில் தவறு செய்வது கடினம். நமக்கு விட்டுக்கொடுக்கப்பட்ட இந்த இடைவெளிகளில்தான் கோபமும் பாரபட்சமும் குடியேறுகின்றன.

அப்படிப்பட்ட முடிவு ஒவ்வொன்றையும் எடுப்பதற்கு முன், அதற்கான காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். முடிவெடுத்த பிறகு எழுதினால் பயனில்லை, ஏனென்றால் எடுத்துவிட்ட முடிவுக்கு நல்ல காரணம் கண்டுபிடிப்பதில் மனம் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. எழுதிய வாக்கியத்தைச் சம்பந்தப்பட்டவரிடமே வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்று தோன்றினால் அந்த முடிவைத் தள்ளிவையுங்கள். முடிந்த இடங்களில் அந்தச் சுதந்திரத்தையே குறைத்துக்கொள்வது இன்னும் நல்லது: விண்ணப்பங்களை வந்த வரிசையில் எடுப்பது, இத்தனை நாளுக்குள் பதில் தரப்படும் என்று முன்கூட்டியே அறிவிப்பது ஆகியவை, உங்களுக்கு மனம் சரியில்லாத நாளிலும் உங்களிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றும்.

உங்கள் வழக்குக்கு நீங்களே நீதிபதி ஆகாதீர்கள்

இங்கிலாந்தில் தாமஸ் போன்ஹாம் என்ற மருத்துவரை, தன்னிடம் உரிமம் பெறாமல் மருத்துவம் பார்த்ததற்காக லண்டன் மருத்துவர் கழகம் அபராதம் விதித்துச் சிறையில் அடைத்தது. கழகம் விதிக்கும் அபராதத்தில் ஒரு பாதி கழகத்துக்கே போய்ச் சேரும் என்பது அன்றைய ஏற்பாடு. 1610ஆம் ஆண்டில் அந்த வழக்கைத் தீர்த்த நீதிபதி எட்வர்ட் கோக், ஒரு விவகாரத்தில் தரப்பாக இருப்பவரே அதில் தீர்ப்பும் சொல்ல முடியாது என்று கூறிப் போன்ஹாமின் பக்கம் நின்றார்.

பணம் வருவது மட்டுமே ஆதாயம் அல்ல. அவமானப்பட்ட மனத்துக்குக் கிடைக்கும் ஆறுதலும் ஆதாயம்தான். சொல்லப்போனால் அதன் இழுப்பு பணத்தைவிட வலியது. ஆகவே உங்களை எதிர்த்தவர், உங்களைக் குறை சொன்னவர், உங்களுக்கு ஒரு காலத்தில் வேண்டியவராக இருந்து விலகியவர் ஆகியோரைப் பற்றிய நடவடிக்கை எதுவும் உங்கள் மேசையில் முடியக் கூடாது. அதை இணையான பொறுப்பில் உள்ள மற்றொருவரிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததை எழுத்தில் பதியுங்கள். ஒப்படைக்க ஆளில்லை என்றால், குறைந்தபட்சம் அந்தக் கோப்பை முழுதும் படித்த வேறொருவர் தம் கருத்தை எழுதிய பிறகு நீங்கள் எழுதுங்கள்.

மறுத்துப் பேசுபவரை இழக்காதீர்கள்

1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய ஆய்வுகளில், தவறான விடை சொல்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும்படி பங்கேற்றவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. உண்மையில் யாருக்கும் அதிர்ச்சி செலுத்தப்படவில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை. அதிகம் பேசப்பட்ட கட்டத்தில், 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை சென்றார்கள். எல்லோருமே அதை மெய்யென்று நம்பினார்களா என்ற கேள்வியைப் பின்னால் வந்த ஆய்வாளர்கள் எழுப்பியிருக்கிறார்கள் என்றாலும், அதே தொடரின் மற்றொரு கட்டம் நம் விஷயத்துக்கு இன்னும் முக்கியமானது. அதில் பங்கேற்றவரின் பக்கத்தில், அவரைப் போன்ற பங்கேற்பாளர்களாக நடிக்க ஆய்வாளர் அமர்த்தியிருந்த இருவர், ஒருவர் பின் ஒருவராக, இனிமேல் செய்ய மாட்டோம் என்று எழுந்துவிட்டார்கள். அப்போது 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசி வரை சென்றார்கள். பக்கத்தில் ஒருவர் மறுப்பதைக் கண்ணால் பார்த்தாலே போதும், மற்றவர்களின் மனசாட்சிக்கும் வாய் திறக்கிறது.

அதிகாரத்தில் இருப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம், மறுப்பவரைப் பொறுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், அவர் மறுக்கக்கூடிய சூழலை வேலை மெனக்கெட்டு உருவாக்க வேண்டும் என்பதுதான். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கூட்டத்தின் முடிவில் கேட்பது பெரும்பாலும் சடங்கு; அந்தக் கேள்விக்கு மௌனமே பாதுகாப்பான பதில் என்று எல்லோருக்கும் தெரியும். மாறாக, உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள், பதவியில் இளையவரை முதலில் பேசச் சொல்லுங்கள், "இந்தத் திட்டத்தில் எது சரியாக வராது என்று நினைக்கிறீர்கள்?" என்று குறிப்பாகக் கேளுங்கள். முதலில் ஆட்சேபம் எழுப்பியவருக்கு அதே கூட்டத்தில் நன்றி சொல்லுங்கள். பின்பு அவருடைய நிலையைச் சில மாதங்கள் கவனியுங்கள். அவருக்கு வரும் வேலைகள் மாறினவா, அவரை மற்றவர்கள் தவிர்க்கிறார்களா என்று பாருங்கள், ஏனெனில் நீங்கள் எதுவும் செய்யாமலேயே, உங்களுக்கு வேண்டியவர் என்று பெயரெடுக்க விரும்பும் யாரோ ஒருவர் உங்கள் சார்பில் பழிவாங்கிக்கொண்டிருக்கலாம்.

ஒருவர் மறுத்த காரியத்துக்கு வேறு ஆள் தேடத் தொடங்கும்போது நின்றுவிடுங்கள். 1973 அக்டோபர் 20 அன்று, எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்ததையும் அதை மூடிமறைத்ததையும் பற்றிய வாட்டர்கேட் விவகாரத்தில், வெள்ளை மாளிகை ஒலிநாடாக்களைக் கேட்டு வற்புறுத்திய சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அமெரிக்க அதிபர் நிக்ஸன் உத்தரவிட்டார். நீதித்துறைக்குத் தலைவரான அட்டர்னி ஜெனரல் எலியட் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்தார். மூன்றாவதாக ராபர்ட் போர்க் நிறைவேற்றினார். தேடினால் மூன்றாவது ஆள் எப்போதும் கிடைப்பார். நிக்ஸனுக்கும் கிடைத்தார், ஆனாலும் 1974 ஆகஸ்டில் நிக்ஸனே பதவி விலக வேண்டியதாயிற்று.

செய்தவருக்குள் என்ன நடக்கிறது

பாதிக்கப்பட்டவரின் இழப்பு வெளிப்படையானது. செய்தவருக்குள் நடக்கும் சேதம் அவருக்கே தெரிவதில்லை என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு அநியாயம் செய்துவிட்டு, "நான் நல்லவன்" என்ற எண்ணத்தோடும் வாழ வேண்டுமானால், அந்த மனிதர் அதற்குத் தகுதியானவர்தான் என்று நம்பியாக வேண்டும். அதனால் விடுப்பைத் தாமதப்படுத்திய அதிகாரி, அடுத்த வாரம் அந்த ஊழியரின் சோம்பலைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார். அதற்கு அடுத்த மாதம் அவர் நன்றிகெட்டவர் என்று உண்மையாகவே நம்புகிறார். வெறுப்பிலிருந்துதான் கொடுமை பிறக்கிறது என்று நினைக்கிறோம். பல நேரங்களில் கொடுமைதான் முதலில் நடக்கிறது, வெறுப்பு அதற்கு நியாயம் தேடிக்கொண்டு பின்னால் வருகிறது. ஒருவரைப் பற்றிய உங்கள் மதிப்பீடு திடீரென்று தாழ்ந்திருந்தால், அதற்குச் சற்று முன்பு நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்கள் என்று தேதிவாரியாக நினைத்துப் பாருங்கள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்களும் தப்புவதில்லை. பேசாமல் இருந்ததற்கு அவர்களுக்கும் ஒரு சமாதானம் தேவைப்படுகிறது, ஆகவே அவர்களும் பாதிக்கப்பட்டவரிடம் குறை காணத் தொடங்குகிறார்கள். நல்லவர்கள் நிறைந்த ஓர் இடம் ஒரு மனிதரை ஒன்றுசேர்ந்து ஒதுக்கிவைப்பது இப்படித்தான் நேர்கிறது. நாளாக ஆக, உண்மை தெரிந்தவர்கள் உங்கள் அறைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். வருபவர்கள் உங்களுக்குப் பிடித்ததை மட்டும் சொல்கிறார்கள். சரியான தகவல் இல்லாமல் எடுக்கும் முடிவுகள் மேலும் சிலரைப் பாதிக்கின்றன.

மேலிருந்து உத்தரவு வரும்போது

பெரும்பாலோருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார். தவறான உத்தரவு என்று தோன்றினால் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன பலவும் எழுத்துக்கு வரும்போது காணாமல் போய்விடும். மில்கிராமின் கருவியில் அளவு 15, 15 வோல்ட்டாகத்தான் ஏறியது என்பதை நினைவில் கொள்ளுங்கள்: முந்தைய படிக்குச் சம்மதித்தவருக்கு அடுத்த படியை மறுக்கக் காரணம் கிடைப்பதில்லை. எனவே எதைச் செய்ய மாட்டீர்கள் என்பதைப் பொறுப்பேற்கும்போதே நாலு பேர் அறியச் சொல்லிவிடுங்கள். தகுந்த காரணமின்றிச் சிறப்பு வழக்கறிஞரை நீக்க மாட்டேன் என்று ரிச்சர்ட்சன் தம் நியமனத்தின்போதே செனட்டில் வாக்குறுதி கொடுத்திருந்தார்.

ஏற்கெனவே தவறு நடந்துவிட்டால்

நடந்ததை முழுமையாகச் சொல்வது முதல் படி. நிறவெறி ஆட்சிக்காலக் கொடுமைகளைப் பற்றி 1996இல் பேராயர் டெஸ்மண்ட் டூட்டுவின் தலைமையில் விசாரணைகளைத் தொடங்கிய தென்னாப்பிரிக்காவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், பொதுமன்னிப்புக் கோரியவர்களிடம் வருத்தம் தெரிவிக்கும்படி நிபந்தனை வைக்கவில்லை. செய்ததை முழுவதுமாக வெளியிட வேண்டும் என்பதே முக்கிய நிபந்தனை. அது பலருக்கு ஏமாற்றம் தந்தது என்றாலும், வருத்தத்தை நடித்துவிடலாம், விவரங்களை அப்படி நடிக்க முடியாது என்பதால் அந்த வரிசை சரியென்றே நினைக்கிறேன். "ஏதாவது மனம் புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்" என்று பொதுவாகச் சொல்லாமல், "உங்கள் விண்ணப்பத்தை மூன்று நாள் வேண்டுமென்றே வைத்திருந்தேன், கூட்டத்தில் நீங்கள் பேசியதுதான் காரணம்" என்று சொல்லுங்கள்.

அவரை உங்கள் அறைக்கு அழைத்துச் சொல்லாதீர்கள். உங்கள் அறையில், உங்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு அவரால் "பரவாயில்லை சார்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல முடியாது. அது நீங்கள் பிறப்பித்த இன்னோர் உத்தரவாக முடியும். அவர் விரும்பும் இடத்தில், அவர் விரும்பினால் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு பேசுங்கள். நாலு பேர் முன்னிலையில் அவமதித்திருந்தால் அதே நாலு பேர் முன்னிலையில் திருத்துங்கள். பறித்ததைத் திருப்பிக் கொடுங்கள்: மதிப்பீட்டுக் குறிப்பை எழுத்துபூர்வமாக மாற்றுங்கள், தவறிய வாய்ப்பை மீண்டும் திறந்துவிடுங்கள்.

அவர் மன்னிக்காமல் போகலாம், அது அவருடைய உரிமை. அதற்காக அவர்மீது எழும் புதிய கோபத்தையும் நீங்களே அடக்கிக்கொள்ள வேண்டும். இனி அவருடைய பதவி உயர்வு, இடமாற்றம், விடுப்பு பற்றிய கோப்புகள் உங்களிடம் வராமல் வேறொருவரிடம் செல்லும்படி ஓர் உத்தரவை எழுதி, அதன் நகலை அவரிடமும் கொடுத்துவிடுங்கள்.