'வெனரபிள்' என்ற ஆங்கிலச் சொல்லை எங்கே, எப்படிப் போடுவது?

ஆங்கிலப் பத்திரிகை படிப்பவர்கள் இந்தச் சொல்லைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அகராதியைப் புரட்டினால் 'வணக்கத்துக்குரிய' என்று போட்டிருக்கும். அதை மட்டும் நம்பி எழுதினால் வாக்கியம் உதைக்கும். ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: வாயில் பழகுங்கள்
அழுத்தம் முதல் அசையான 'வெ'யில் விழ வேண்டும். 'வல்னரபிள்' வேறு சொல். எளிதில் பாதிப்புக்கு உள்ளாகக்கூடிய என்று பொருள். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 2: இரண்டு கேள்வி கேளுங்கள்
பழையதா? பழசானதால் அதன் மதிப்பு கூடியிருக்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' வந்தால்தான் இந்தச் சொல். மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் சைக்கிள் வெறும் 'ஓல்ட்'. 1785-இல் தொடங்கி இன்றும் வெளிவரும் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழ் 'வெனரபிள்'.

மதிப்பு என்றதும் புனிதம் என்று எண்ண வேண்டாம். 1952-இல் முதன்முதலில் பறந்த பி-52 குண்டுவீச்சு விமானத்தையும் 'தி வெனரபிள் பி-52' என்றே எழுதுகிறார்கள். யாரும் அதைக் கும்பிடவில்லை. இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்து, இன்னும் வேலை செய்கிறதே என்ற மரியாதைதான் அது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பயன்பாடு இதுவே.

படி 3: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வையுங்கள்
'எ வெனரபிள் இன்ஸ்டிட்யூஷன்', 'எ வெனரபிள் டிரெடிஷன்' என்று வருவதுதான் வழக்கம். வயதுக்கும் உண்டு: 'அட் தி வெனரபிள் ஏஜ் ஆஃப் 90'.

நம்மவர்கள் வழுக்குவது கடிதத்தில். 'மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு' என்பதை அப்படியே மாற்றி 'மை வெனரபிள் டீச்சர்' என்று எழுதாதீர்கள். ஆங்கிலக் காதுக்கு அது பழங்கால நடையாகவோ கேலியாகவோ ஒலிக்கும். 'டியர்' போட்டுப் பெயரை எழுதினாலே போதும், மரியாதை குறையாது.

படி 4: பட்டமாக வந்தால்
பெரிய எழுத்தில் தொடங்கி, பெயருக்கு முன்னால் வந்தால் அது பட்டம். அங்கே வயதுக் கணக்கே கிடையாது. இலங்கை ஆங்கில நாளிதழ்களில் புத்த பிக்குகளின் பெயருக்கு முன் 'வென்.' என்று வருவது இதன் சுருக்கம். இளம் பிக்குவுக்கும் அதே மரியாதைதான். ஆங்கிலிக்கன் கிறிஸ்தவ சபையில் ஆயருக்கு அடுத்த நிலையில் இருக்கும் மூத்த குருவான ஆர்ச்டீக்கனுக்கு இந்த அடைமொழி. கத்தோலிக்கத் திருச்சபையில் புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் இது ஒரு நிலை. அன்னை தெரசா 2002-இல் 'வெனரபிள்' ஆனார், 2003-இல் 'பிளெஸ்டு' (அருளாளர்), 2016-இல் 'செயின்ட்' (புனிதர்).

பயிற்சி
1602-இல் திறக்கப்பட்ட ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகம், போன வருடத்துக் காலண்டர் — எதற்குப் பொருந்தும்? நூலகத்துக்குத்தான். இனி உங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்குத் தகுதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள்.