நுகர்வோர், தொழிலாளர் தரப்பில் ஆன்டிட்ரஸ்ட் வழக்கறிஞர் ஆவது எப்படி

கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றினாலும் சரி, கூடிப் பேசிச் சம்பளத்தை அமுக்கினாலும் சரி, அமெரிக்காவில் இரண்டுக்கும் ஒரே ஆன்டிட்ரஸ்ட் (வியாபாரப் போட்டியை ஒடுக்குவதைத் தடுக்கும்) சட்டம்தான்: 1890-ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டம். பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்க வழி தருவது 1914-ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம், 4-ஆம் பிரிவு. நிரூபித்த நஷ்டம் மூன்று மடங்காகும். வாதியின் வழக்கறிஞர் கட்டணமும் தோற்ற பிரதிவாதி தலையில் விழும். ஆளுக்கு நூறு டாலர் போன வழக்கையும் ஆயிரக்கணக்கானோர் சார்பில் எடுத்து நடத்த ஆள் கிடைப்பது இதனால்தான்.

இந்தத் தரப்புக்கு வர விரும்புபவர் முதலில் வருமானக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். கட்சிக்காரர் மாதாமாதம் ஃபீஸ் கட்டுவதில்லை; பணம் வந்தால்தான் கட்டணம். பொருளாதார நிபுணர், டெபோசிஷன் (விசாரணைக்கு முன் சத்தியம் செய்து தரும் வாக்குமூலம்), லட்சக்கணக்கான ஆவணங்களைத் தேடும் மென்பொருள் என எல்லாச் செலவையும் அலுவலகம்தான் முன்பணமாகப் போடுகிறது, வருடக்கணக்கில். அதனால் வேலைக்குப் போகும்போதே கேளுங்கள்: வழக்குச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரே நேரத்தில் எத்தனை வழக்கு? தலைமைப் பொறுப்பிலா, துணை வேலையிலா? துணை வேலை மட்டுமே செய்யும் அலுவலகத்தில் மூன்று வருடம் ஆவணம் படித்தே கழிந்துவிடும்.

படிப்பைப் பொறுத்தவரை, ஜே.டி. என்ற மூன்று வருட அமெரிக்கச் சட்டப் பட்டத்தில் ஆன்டிட்ரஸ்ட் பாடத்தை விடச் சிவில் நடைமுறையும் சாட்சியச் சட்டமும் அதிகம் கை கொடுக்கும். கூடவே புள்ளியியலில் ஒரு முழு பாடம் எடுத்துவிடுங்கள். ரிக்ரஷனை (எந்தக் காரணம் விலையை, சம்பளத்தை எவ்வளவு மாற்றியது என்று தரவிலிருந்து கணிக்கும் முறை) நீங்களே ஓட்ட வேண்டாம். ஆனால் நிபுணர் எந்த மாறியைச் சேர்த்தார், எதை விட்டார், ஏன் என்று கேட்கத் தெரியாவிட்டால் இந்தத் தொழிலில் நீங்கள் மேலே வர மாட்டீர்கள். வெளிநாட்டில் சட்டம் படித்தவர்களில் பலர் எல்.எல்.எம். (சட்ட முதுகலை) முடித்து நியூயார்க் பார் தேர்வு (வழக்கறிஞர் உரிமத் தேர்வு) எழுதுகிறார்கள். பழைய பட்டம் தகுதி பெறுமா என்று பார் தேர்வு வாரியத்திடம் முன்கூட்டியே மதிப்பீடு வாங்கிய பிறகே கல்லூரிக்குப் பணம் கட்டுங்கள்.

முதல் வேலைக்கு நல்ல இடங்கள் மூன்று: ஃபெடரல் (மத்திய) மாவட்ட நீதிபதியிடம் கிளார்க் (நீதிபதிக்குச் சட்ட ஆய்வில் உதவுபவர்), மத்திய அரசின் நீதித் துறையில் (Department of Justice) ஆன்டிட்ரஸ்ட் பிரிவு, மாநில அட்டர்னி ஜெனரல் (மாநிலத்தின் தலைமை அரசு வழக்கறிஞர்) அலுவலகம். பெரிய கம்பெனிகளுக்கு வாதாடும் அலுவலகத்தில் தொடங்கினால் பயிற்சி நன்றாகவே இருக்கும். ஆனால் பிறகு வாதி தரப்புக்கு மாறும்போது பழைய கட்சிக்காரர்கள் மீதான வழக்குகளில் நலன் முரண்பாடு வரும். நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு விஷயத்தின் பெயரையும் முதல் நாளிலிருந்தே குறித்து வையுங்கள்.

இனி, தொழிலின் உயிர்நாடி: எந்த வழக்கை எடுப்பது?

முதல் கேள்வி, யார் யாருக்கு நேரடியாகப் பணம் கொடுத்தார்கள்? உற்பத்தியாளர்கள் கூடி விலை ஏற்ற, மொத்த வியாபாரி வாங்கி, கடைக்காரருக்கு விற்று, கடைசியில் நுகர்வோர் வாங்கினால், ஃபெடரல் சட்டப்படி நஷ்டஈடு கேட்கும் உரிமை பொதுவாக மொத்த வியாபாரிக்கு மட்டுமே. 1977-இல் இல்லினாய் பிரிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த விதி இது. நுகர்வோருக்குக் கலிஃபோர்னியா போல மறைமுக வாங்குநருக்கும் உரிமை தந்த மாநிலங்களின் சட்டங்களே வழி. மாநிலத்துக்கு மாநிலம் காலக்கெடு வேறு. சிலவற்றில் அட்டர்னி ஜெனரலுக்கு அறிவிப்பும் கொடுக்க வேண்டும். இவற்றை ஓர் அட்டவணையாகப் போட்டு முடிக்காமல் வழக்குத் தாக்கல் செய்யாதீர்கள். ஆப் ஸ்டோரில் வாங்கிய ஐஃபோன் உரிமையாளர்கள் நேரடி வாங்குநர்களே என்று 2019-இல் ஆப்பிள் எதிர் பெப்பர் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதனால் ஒரு தளத்தின் மீது வழக்கு என்றால், பணம் யார் கைக்குப் போகிறது என்று ரசீதையே எடுத்துப் பாருங்கள். தொழிலாளர் வழக்கில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. உழைப்பை அவர்களே நேரடியாக முதலாளிக்கு விற்கிறார்கள்.

இரண்டாவது, கூட்டு ஒப்பந்தம் இருந்ததற்கு என்ன இருக்கிறது? எல்லோரும் ஒரே சமயத்தில் விலை ஏற்றினார்கள் என்பது மட்டும் போதாது. உச்ச நீதிமன்றத்தின் 2007-இன் ட்வாம்ப்ளி தீர்ப்புக்குப் பிறகு அப்படிப்பட்ட மனு டிஸ்கவரிக்கு (எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் கட்டம்) முன்பே தள்ளுபடியாகிவிடும். யார், எங்கே, எப்போது சந்தித்தார்கள், தனியாக இருந்தால் எந்தக் கம்பெனியும் செய்யாத எதைச் செய்தார்கள் என்று மனுவிலேயே எழுத வேண்டும். சம்பள வழக்கில் தகவல் பரிமாற்றத்தைத் தேடுங்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் மனிதவளப் பிரிவுகள் சம்பள விவரங்களைப் பகிர்ந்துகொண்டது பற்றிய டாட் எதிர் எக்ஸான் வழக்கில், அந்தக் குற்றச்சாட்டே விசாரணைக்குப் போதும் என்று 2001-இல் இரண்டாவது சர்க்யூட் (ஃபெடரல் மேல்முறையீட்டு) நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டமயோர்.

மூன்றாவது, கட்சிக்காரர் எதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்? வேலை உத்தரவு, ஊழியர் கையேடு, ஆப்பின் நிபந்தனைகள் மூன்றையும் முதல் சந்திப்பிலேயே வாங்குங்கள். ஆர்பிட்ரேஷன் விதியும் (நீதிமன்றத்துக்குப் பதில் தனியார் நடுவரிடம் போக வேண்டும் என்பது) கிளாஸ் ஆக்‌ஷன் விலக்கும் (எல்லோர் சார்பிலும் கூட்டாக வழக்குப் போட மாட்டேன் என்ற ஒப்புதல்) இருந்தால் வழக்கு அங்கேயே நின்றுவிடக்கூடும். ஒருவர் தனியாக வழக்கு நடத்தும் செலவு அவருக்குக் கிடைக்கக்கூடிய தொகையை விட அதிகம் என்றாலும் அந்த விலக்கு செல்லும் என்று 2013-இல் இட்டாலியன் கலர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நுகர்வோருக்கும் தொழிலாளருக்கும் இதைவிடப் பெரிய அநியாயம் இந்தத் துறையில் இல்லை. மாநிலங்களுக்கிடையே சரக்கு கொண்டுபோகும் லாரி ஓட்டுநர் போன்றவர்களுக்கு மட்டும் ஃபெடரல் ஆர்பிட்ரேஷன் சட்டம் பொருந்தாது என்கிறது அதன் 1-ஆம் பிரிவு. விதி வருவதற்கு முன் சேர்ந்தவர்கள், குறித்த நாளுக்குள் மறுப்பு அனுப்பியவர்கள் இருக்கிறார்களா என்றும் தேடுங்கள்.

நான்காவது, காலக்கெடு. ஃபெடரல் உரிமைக்கு 4 வருடம். அரசு வழக்குப் போட்டிருந்தால் அது நடக்கும் காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் கடிகாரம் நிற்கும். சதியை மறைத்தார்கள் என்று கெடுவை நீட்டக் கேட்பதானால், எப்படி மறைத்தார்கள் என்பதைத் தேதியோடு எழுத வேண்டும்.

இதையெல்லாம் தாண்டினாலும் வழக்குகள் அதிகம் சாவது ஃபெடரல் சிவில் நடைமுறையின் 23-ஆம் விதியின்படி கிளாஸ் சான்று (பாதிக்கப்பட்டவர்களை ஒரே குழுவாக வழக்கு நடத்த விடும் நீதிமன்ற அனுமதி) கேட்கும் கட்டத்தில். அங்கே காட்ட வேண்டியது, நஷ்டம் எல்லோரையும் தொட்டது என்பதைப் பொதுவான சாட்சியத்தாலேயே நிரூபிக்க முடியும் என்பது. சிலிக்கான் வேலி ஊழியர்கள் வழக்கைப் பாருங்கள். ஒருவர் ஆட்களை மற்றவர் வேலைக்கு அழைக்கக் கூடாது என்று கூகுள், ஆப்பிள், இன்டெல், அடோபி உள்ளிட்ட நிறுவனங்கள் செய்துகொண்ட ஏற்பாட்டின் மீது மத்திய அரசின் நீதித் துறை 2010-இல் வழக்குப் போட்டது. ஊழியர்களின் வழக்கு 2011-இல் வந்தது. 2013 ஏப்ரலில் நீதிபதி லூசி கோ சான்று தர மறுத்தார். வராத அழைப்பு ஒன்று ஒருவருக்கு நஷ்டம். அது எல்லோர் சம்பளத்தையும் எப்படி அமுக்கியது என்பதுதான் கேள்வி. வழக்கறிஞர்கள் தொழில்நுட்ப ஊழியர்கள் என்ற சிறிய குழுவோடு திரும்பி வந்தார்கள். கம்பெனிகள் தரவரிசை வைத்து, ஒருவருக்கு ஏற்றினால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஏற்றும் சம்பளக் கட்டமைப்பு வைத்திருந்ததை அவர்களுடைய உள் ஆவணங்களைக் கொண்டே காட்டினார்கள். அக்டோபரில் சான்று கிடைத்தது. மனிதவளப் பிரிவின் சம்பள வரம்பு அட்டவணை, வருடாந்தர ஊதிய உயர்வுக் குறிப்பு, ஒருவரைத் தக்கவைக்க எழுதிய மின்னஞ்சல் ஆகியவற்றை டிஸ்கவரியில் முதல் கோரிக்கையிலேயே கேட்பது இதற்காகத்தான்.

நிபுணரை மனுத் தாக்கலுக்கு முன்பே அமர்த்துங்கள். சம்பளத் தரவு கைக்கு வந்ததும் ஊழியர் எண், பணிக் குறியீடு, அடிப்படைச் சம்பளம், போனஸ், தேதி ஆகிய பத்திகளைச் சரிபார்க்க ஓர் ஆளை உட்கார வையுங்கள். கம்பெனி இணைப்பு நடந்த வருடத்தில் பணிக் குறியீடுகள் மாறியிருக்கும். அதைக் கவனிக்காமல் ஓட்டிய மாதிரியை எதிர்த்தரப்பு நிபுணர் ஒரே நாளில் உடைத்துவிடுவார். சராசரி நஷ்டம் என்று மட்டும் காட்டினால், கிளாஸில் நஷ்டமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்பார்கள். அதற்கு எண்ணோடு பதில் இருக்க வேண்டும். இன்னொரு பொறி கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் மீதான வழக்கில் 2013-இல் வெளிப்பட்டது: வாதிகள் நான்கு கோட்பாடுகள் சொன்னார்கள், நீதிமன்றம் ஒன்றை மட்டும் ஏற்றது, நஷ்டக் கணக்கோ நான்கையும் பிரிக்காமல் போட்டிருந்தது. கிளாஸ் கலைந்தது. கோட்பாடு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு கேட்டு வாங்குங்கள்.

கிளாஸ் பிரதிநிதியாக வருபவரிடம் எதையும் ஒளிக்காதீர்கள். டெபோசிஷனில் உட்கார வேண்டும், ஃபோன் செய்திகளை அழிக்கக் கூடாது, தனிப்பட்ட ஊக்கத்தொகைக்கு உத்தரவாதம் இல்லை. பதினொன்றாவது சர்க்யூட்டில் 2020 முதல் அத்தொகைக்கே இடமில்லை. செட்டில்மென்ட் பேசும்போது அவரைக் கலந்து பேசுவது மரியாதைக்காக மட்டும் அல்ல. சிலிக்கான் வேலி வழக்கில் 32.45 கோடி டாலர் சமரசத்தை எதிர்த்து ஒரு பிரதிநிதி நீதிபதிக்கு எழுதினார். 2014-இல் நீதிபதி அதை நிராகரித்தார், 2015-இல் 41.5 கோடிக்கு ஒப்புதல் ஆனது.

கட்டணத்துக்கு நேரக் குறிப்பே ஆதாரம். அன்றன்றே, ஆறு நிமிடக் கூறுகளாக, செய்த வேலையைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஒன்பதாவது சர்க்யூட்டில் கிடைத்த தொகையில் 25 சதவீதம் தொடக்க அளவுகோல். அதை மணிக்கணக்கோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். ‘ஆவண ஆய்வு, 9 மணி’ என்ற ஒற்றை வரிகள் அங்கே வெட்டுப்படும்.

பணத்தைப் பிரித்துக் கொடுப்பதைச் சமரச ஒப்பந்தம் எழுதும்போதே திட்டமிட வேண்டும். தொழிலாளர் வழக்கில் பெயரும் சம்பளமும் கம்பெனிப் பதிவிலேயே இருப்பதால், விண்ணப்பம் கேட்காமல் நேரடியாகக் காசோலை அனுப்பும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் வழக்கில் பெரும்பாலும் விண்ணப்பம் தேவைப்படும். அதை ஒரு பக்கத்துக்குள் அடக்குங்கள், சின்னத் தொகைக்கு ரசீது கேட்காதீர்கள். காசோலை மாற்றாதவர்களின் பணம் பிரதிவாதிக்குத் திரும்பாது, இரண்டாம் சுற்றாகக் கிளாஸுக்கே போகும் என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.