நோவாவின் பேழையில் எத்தனை ஜோடி? ஐந்தாகமம் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐந்தாகமம் என்பது பைபிளின் முதல் ஐந்து நூல்கள்: ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம், எண்ணாகமம், உபாகமம். இவற்றை மோசே எழுதியதாக மரபு சொல்கிறது. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில், பெருவெள்ளம் வருமுன் ஒவ்வொரு உயிரினத்திலும் ஒரு ஜோடியைப் பேழைக்குள் ஏற்றும்படி நோவாவிடம் கடவுள் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில் சுத்தமான (பலிக்கு ஏற்ற) மிருகங்களுக்கும் பறவைகளுக்கும் கணக்கு ஏழு ஜோடியாகிறது. மழை 40 நாள் என்கிறது ஒரு வசனம்; வெள்ளம் 150 நாள் ஓங்கி நின்றது என்கிறது இன்னொன்று.

இதைப் பார்த்ததும் "எழுதியவர் கவனிக்காமல் விட்டுவிட்டார்" என்று முடிவுகட்டுவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. இங்கே இரண்டு பழைய மரபுகள் பின்னிக் கிடக்கின்றன என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. பிரித்துப் படித்தால் இரண்டுமே தனித்தனியாகப் பொருள் தருகின்றன. ஒன்றில் நோவா பேழையை விட்டு இறங்கியதும் பலியிடுகிறார். ஒரே ஜோடி இருந்திருந்தால் பலியான இனம் அதோடு அழிந்திருக்கும். அதனால் ஏழு ஜோடி தேவை. மற்றது ஆசாரியர்களின், அதாவது கோயில் குருக்களின் மரபு. மோசேயின் அண்ணன் ஆரோன் ஆசாரியனாக ஏற்படுத்தப்படும்வரை அதில் யாரும் பலியிடுவதில்லை. அப்படியானால் ஒரு ஜோடி போதுமே! தொகுத்தவர் நினைத்திருந்தால் ஒன்றை அழித்திருக்கலாம். இரண்டையும் மக்கள் புனிதமாகப் போற்றிவந்ததால் இரண்டையும் காப்பாற்றினார் என்றே நான் நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: வேறுபாடே இல்லை என்று எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடுவது. அதில் இழப்பு பெரிது. ஓய்வுநாளை ஏன் ஆசரிக்க வேண்டும்? யாத்திராகமம் 20 சொல்லும் காரணம், கடவுள் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்தார் என்பது. உபாகமம் 5 சொல்வதோ வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்தாய், உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறட்டும். இரண்டாவதை முதலாவதுக்குள் கரைத்துவிட்டால் அந்த வேலைக்காரியின் ஓய்வு யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

அப்புறம், கடவுளின் பெயரை மட்டும் வைத்து மரபுகளைப் பிரிக்கப் பார்ப்பது. எபிரேயத்தில் கடவுளைக் குறிக்க 'ஏலோஹிம்' வந்தால் ஒரு மூலம் (பழைய ஏடு), 'யாவே' என்ற பெயர் வந்தால் இன்னொன்று என்ற வழியை 1753இல் வகுத்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் ழான் அஸ்திரூக். அவர் வேதத்தைத் தாக்க வரவில்லை; மோசே பழைய ஏடுகளைப் பயன்படுத்தினார் என்று காட்டி, மோசேயே ஆசிரியர் என்பதைக் காக்கவே முயன்றார். இந்த ஆய்வே விசுவாசத்துக்கு எதிரானது என்று ஒதுக்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த அடையாளம் கொஞ்ச தூரம்தான் கைகொடுக்கும். யாத்திராகமம் 6இல் யாவே என்ற பெயர் மோசேக்கு வெளிப்பட்டபின் ஆசாரிய மரபும் அதையே பயன்படுத்துகிறது. நடை, சட்டம், கதையின் போக்கு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஜெர்மானிய ஆய்வாளர் யூலியுஸ் வெல்ஹவுசன் 1878இல் வலுவாக நிறுவிய நான்கு மூலங்களையும் (யாவே, ஏலோஹிம், உபாகமம், ஆசாரிய மரபு) அவற்றின் காலவரிசையையும் முடிந்த முடிவாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல. உபாகமத்தின் நடை தனி, ஆசாரிய மரபு தனி என்பதில் இன்றும் பரவலான உடன்பாடு உண்டு. மற்றவற்றில், குறிப்பாக 'ஏலோஹிம்' என்ற பெயரைப் பயன்படுத்தும் மூலம் தனி நூலாக இருந்ததா என்பதில், 1970களிலிருந்து கடும் விவாதம் நடக்கிறது.

கடைசியாக, தொல்பொருளை அவசரமாகச் சாட்சிக்கு அழைப்பது. 1979இல் எருசலேமின் கெத்தேப் ஹின்னோம் என்ற பழைய கல்லறை இடத்தில் இரண்டு சிறு வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. எண்ணாகமம் 6இல் வரும் "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்" என்ற ஆசீர்வாதத்தை ஒத்த வரிகள் அவற்றில் உள்ளன. காலம் ஏறக்குறைய கி.மு. 600 என்பது பலரின் கணிப்பு. அந்த ஆசீர்வாதம் அப்போதே வழக்கில் இருந்தது என்பதற்கு அது அருமையான சான்று. எண்ணாகமம் முழு நூலாக அப்போதே இருந்தது என்பதற்கு அல்ல.