ராமநாதபுரக் கடற்கரைக்கு ஜிம்னி: எத்தனை இன்ச் உயர்த்துவது?

மாருதி ஜிம்னியிலும் பழைய ஜிப்ஸியிலும் முன்னும் பின்னும் முழு அச்சு, அதாவது இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே குழல். அதில் தாழத் தொங்குவது டிஃபரன்ஷியல் (இரு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) இருக்கும் உருண்டை. ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதை மேலேற்றுவது டயர் மட்டுமே. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயர் விட்டம் சுமார் 693 மி.மீ. 215/75 போட்டால் உருண்டைக்கு அடியில் 5 மி.மீ. கூடும், 235/75 என்றால் 20. ஆனால் இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிட 5 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டும். எனவே முதலில் டயரை முடிவு செய்யுங்கள். இந்தப் பக்கம் சீமைக்கருவேல முள் டயரின் பக்கவாட்டையே குத்தும். பக்கச்சுவர் தடித்த டயராக வாங்குங்கள்.

சாயல்குடிப் பக்கத்துத் தேரி மணலில் (செம்மணல் பரப்பு) வண்டி புதைந்தால், பெரும்பாலும் டயர் காற்றைக் குறைக்காததுதான் காரணம். 16–18 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். தார்ச்சாலைக்கு ஏறியதும் திரும்ப அடிக்க கம்ப்ரசர் கையில் இருக்க வேண்டும். உப்பளச் சேற்றில் எந்த லிஃப்டும் (வண்டியை உயர்த்துவது) காப்பாற்றாது: மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. பங்குனி ஆமை முட்டையிடும் கரையிலும் கடலோர மணற்குன்றிலும் வண்டியை இறக்கவே கூடாது.

இந்தப் பக்கத்துப் பாதைகளுக்கு 1.5 முதல் 2 இன்ச் லிஃப்ட் தாராளம். ஸ்பிரிங்கை உயரம் பார்த்து வாங்காதீர்கள், சுமை பார்த்து வாங்குங்கள். வின்ச் (புதைந்த வண்டியை இழுக்கும் கருவி), இரும்பு பம்பர், தண்ணீர் கேன் என்று எப்போதும் வண்டியிலேயே இருக்கும் எடையைக் கூட்டிப் பாருங்கள். வெறும் வண்டிக்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் குதிக்கும், மணலில் பிடி விடும். ஸ்பிரிங்கோடு சேர்த்து வைக்கும் ஸ்பேசர் கட்டை மலிவுதான், ஆனால் பழைய ஷாக் அப்சார்பரோடு போட்டால் சக்கரம் கீழிறங்கும் தூரம் குறைந்து, பள்ளத்தில் ஷாக் இழுபட்டு அடிக்கும். நீளமான ஷாக்கோடு செட்டாக வாங்குவதே சரி. ஜிப்ஸிக்கு நீள ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸியோடு இணைக்கும் துண்டு) போடுவோர் கவனிக்க: ஷேக்கிள் 2 இன்ச் நீண்டால் வண்டி 1 இன்ச்தான் உயரும்.

ஜிம்னியை உயர்த்தியதும் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேர்நிலைக்கு வராது. பாம்பன் பாலத்துப் பக்கக்காற்றில் வண்டி அலையும். இதற்கு, துளை மையம் விலகிய காஸ்டர் புஷ் போட வேண்டும். அச்சைப் பக்கவாட்டில் நகராமல் சேஸியோடு பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு, வண்டி உயர்ந்ததும் அச்சை ஒரு பக்கம் தள்ளும்: இரு பக்கமும் ஃபெண்டரிலிருந்து தூக்குக்குண்டு விட்டு டயர் விளிம்பு வரை அளந்து பாருங்கள். வித்தியாசத்தில் பாதிதான் அச்சு விலகிய அளவு. நீளம் மாற்றக்கூடிய ராடு அதைச் சரிசெய்யும்.

சேஸியில் ஜாக்கி வைத்து அச்சைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். பிரேக் ஹோஸ் விறைத்தால் நீள ஹோஸ் கட்டாயம். ரப்பர் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது முறுக்கிவிடுவதுதான் பட்டறைகளில் அதிகம் நடக்கும் தவறு. ரப்பர் முறுகி சீக்கிரமே கிழியும். வண்டி நான்கு சக்கரத்தில் நின்ற பிறகே கடைசி முறுக்கு. அலைன்மென்ட்டும் ஹெட்லைட் மட்டமும் அதன் பிறகு. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வாங்கும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

உப்புக்காற்றில் ஸ்பிரிங் முதலில் துருப்பிடிப்பது கீழ்த்தட்டில், மணல் தங்கும் இடத்தில். கடலோரம் போய்வந்த அன்றே அங்கே நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். 500 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (முறுக்கு அளவைக் காட்டும் ஸ்பேனர்) மறுபடி பாருங்கள்.