விழுந்த டர்ட் பைக்குக்குப் பாகம் தேடும்போது

விலை குறைந்த டர்ட் பைக் (மண், மேடு பள்ளத்தில் ஓட்டும் வண்டி) விழுந்து அடிபட்டால், பிராண்ட் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அளவைச் சொல்லித் தேடுங்கள். இந்த வண்டிகளில் பல, ஹோண்டாவின் வடிவமைப்புகளைப் பார்த்துச் செய்தவை. சின்ன வண்டிகளின் பிளாஸ்டிக் பாகங்கள் பலவும் ஹோண்டாவின் சிஆர்எஃப்50 அல்லது கவாசாகியின் கேஎல்எக்ஸ்110 மாடலின் வடிவத்தில்தான் இருக்கும். ஹேண்டில்பாரின் கிளாம்ப் பிடிக்கும் இடம் 22 மி.மீ.யா, 28.6 மி.மீ.யா என்று வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். பிரேக், கிளட்ச் லிவருக்கு போல்ட் துளையின் விட்டமும், அங்கிருந்து கேபிள் மாட்டும் இடம் வரையுள்ள தூரமும் வேண்டும். அப்புறம், அளவெடுக்க வேண்டியிருக்கும், அதனால் உடைந்த துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள் (நான் எறிந்துவிட்டு முழித்திருக்கிறேன்). ஃபோர்க் குழாயை (முன் சக்கரத்தைத் தாங்கும் குழாய்) கழற்றித் தட்டையான கண்ணாடி மேல் உருட்டுங்கள், ஆடினால் வளைந்திருக்கிறது. இதற்கெல்லாம் முன்னால் ஃப்ரேமில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் பாகத்துக்குக் காசு போடாதீர்கள்.