பெட்ரோல் புளோவர் வாங்கும் முன்: பட்டறையில் பார்க்கும் தவறுகள்

பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் (ரப்பர்) இலை கொட்டத் தொடங்கினால் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஆளுக்கொரு புளோவர், அதாவது இலையைக் காற்றால் ஊதித் தள்ளும் மெஷின், வாங்கும் ஆசை வரும். ஒரு மாதம் போனதும் அதே புளோவர்கள் என் பட்டறை வாசலுக்கு வரும். கண்ணாடி போடு, வெறுங்காலோடு நிற்காதே என்பதெல்லாம் பெட்டியிலேயே படமாக இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்புவது

பெட்டியில் காற்றின் வேகத்தைத்தான் கொட்டை எழுத்தில் போடுவார்கள். குழாய் வாயைக் குறுக்கினால் எந்த மெஷினிலும் வேகத்தைக் கூட்டிக் காட்டலாம். தரையோடு ஒட்டிய இலையைப் பெயர்க்க வேகம் வேண்டும், சரி. குவியலைத் தள்ளிக்கொண்டு போவது காற்றின் அளவு. மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பாருங்கள்.

எண்ணெய் கலப்பது யார் என்று கேட்காமல் வாங்குவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல்தான். பக்கத்துத் தோட்டத்துக் கோவிலுக்கு வசூல் செய்து, முதுகில் மாட்டும் புளோவர் ஒன்று வாங்கினார்கள். திருவிழாவுக்கு முன்னால் கோத்தோங் ரோயோங், அதாவது ஊர் கூடிச் செய்யும் துப்புரவு வேலை. மெஷினை ஓட்டிப் பழகியவர் அன்றைக்கு வரவில்லை. இருந்த அண்ணன் ஒருவர் தன் கப்சாய்க்கு (சின்ன மோட்டார்சைக்கிள்) வாங்கி வைத்திருந்த பெட்ரோலை அப்படியே ஊற்றிவிட்டார்.

"நல்லாத்தான் ஓடுச்சு தம்பி, திடீர்னு கத்திட்டு நின்னுருச்சு. கயிறு இழுக்கவே வரல."

"டூ-டி எண்ணெய் கலந்தீங்களாண்ணே?"

"அது தானா கலந்துக்காதா?"

டூ-டி என்பது டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கென்றே விற்கும் எண்ணெய். தெரியாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் யமாஹா ஆர்எக்ஸ்இசட் மோட்டார்சைக்கிள் ஓட்டியவர். அதில் டூ-டி எண்ணெய்க்குத் தனித் தொட்டி உண்டு, பம்பு தானே கலந்துவிடும். புளோவரில் அந்த வசதி கிடையாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் நிற்கும் இடமே இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுக்கல். அது இல்லாவிட்டால் கொஞ்ச நேரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

சைலன்சரைக் கழற்றி, புகை வெளியேறும் துளையில் டார்ச் அடித்துக் காட்டினேன். வழவழப்பாக இருக்க வேண்டிய பிஸ்டனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை கீறல். உருகிய அலுமினியம் சிலிண்டர் சுவரில் அப்பிக்கிடந்தது. பிஸ்டனும் சிலிண்டரும் மாற்ற வேண்டும். மலிவு மெஷின் என்றால் அந்தக் காசுக்குப் புதிதே வாங்கிவிடலாம். ஊர்க்காசில் வாங்கியதை விற்ற கடைக்காரர் கலவை பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அளவு மெஷினுக்கு மெஷின் மாறும். 50:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி எண்ணெய். 25:1 என்றால் 40 மில்லி. கையேட்டில் எது போட்டிருக்கிறதோ அது. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுவது, கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று தாராளம் காட்டுவது இரண்டும் வேண்டாம். எண்ணெய் கூடினால் பிளக் கறுத்துப்போகும், சைலன்சரில் கரி அடைக்கும். கப்சாயின் எஞ்சின் எண்ணெயும் இதற்கு ஆகாது. டூ-டி எண்ணெயில் பெரும்பாலும் சாயம் போட்டிருப்பார்கள், கலந்த பெட்ரோலை நிறத்தை வைத்து அடையாளம் காண. கலந்த பெட்ரோலைத் தனி டின்னில் வைத்து, அளவையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள். பத்துப் பேர் கை வைக்கும் மெஷின் என்றால் கலவை ஒருவர் பொறுப்பு. அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்குங்கள், அல்லது பேட்டரி.

வருஷத்தில் ஒரு மாத வேலைக்கு வாங்குவது

இலை கொட்டி முடிந்ததும் மெஷின் கொட்டகைக்குப் போய்விடும், உள்ளே பெட்ரோலோடு. பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் கோந்து மாதிரி கார்புரேட்டரின் நுண்துளைகளில் படியும். அடுத்த வருஷம் தோள் வலிக்க இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. தொட்டியைக் காலி செய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வைக்க வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவருக்குப் பெட்ரோல் மெஷினே வேண்டாம். வீட்டு முற்றத்துக்குக் கரண்டில் ஓடும் வயர் மெஷின் போதும்.

சாயங்கால மழையில் நனைந்த இலை

அதற்குப் புளோவர் வேண்டாம், விளக்குமாறுதான்.

காது

ஒரு நாள் வேலைக்கு 85 டெசிபல் சராசரிதான் மலேசியச் சட்டம் வைத்திருக்கும் எல்லை. பல பெட்ரோல் புளோவர்கள் காதருகே அதைத் தாண்டிவிடும். காதில் பஞ்சு வைத்தால் போதாது.

தாமானுக்குள் (குடியிருப்புப் பகுதிக்குள்) பெட்ரோல் மெஷின்

சத்தம் மட்டும் என்றால் அக்கம்பக்கத்தார் பொறுத்துக்கொள்வார்கள். டூ-ஸ்ட்ரோக்கில் புகைத்துளை திறந்திருக்கும்போதே புதுக் கலவையும் உள்ளே வருவதால், கொஞ்சம் எரியாமலே வெளியேறும். தொழில்முறைப் புளோவரை ஒரு மணி நேரம் ஓட்டினால் வரும் புகைமூட்ட மாசு, 2016 கேம்ரி கார் 1,770 கிலோமீட்டர் ஓடுவதற்குச் சமம் என்று கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டிருக்கிறது. இங்கிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய்த் திரும்பி, மறுபடியும் போகிற தூரம் கிட்டத்தட்ட. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளுக்கு நடுவே அதை ஓட்டுவது நியாயமில்லை.

பழையதை ஓட்டிப் பார்த்து வாங்குவது

ஓடுகிறது என்பதற்காகக் காசைக் கொடுக்காதீர்கள். சைலன்சரைக் கழற்றி பிஸ்டனைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மூன்று ஸ்குரூதான். மாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.