வாட்ஸ்அப் பாட் மூலம் லீட் பிடிப்பது: கேள்வி எழுதுவது முதல் விற்பனை ஆளிடம் ஒப்படைப்பது வரை

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் "விலை என்ன?" என்று கேட்பவர், அதே கேள்வியை இன்னும் இரண்டு மூன்று நிறுவனங்களுக்கும் அனுப்பியிருப்பார். இப்படி வாங்கும் ஆர்வத்தோடு விசாரிப்பவரைத்தான் லீட் என்கிறோம். பெரும்பாலும் முதலில் ஒழுங்காகப் பதில் சொல்பவரோடுதான் பேச்சு தொடரும். அந்த முதல் பதிலுக்காகத்தான் பாட், அதாவது வரும் செய்திக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல். விற்று முடிப்பது அதன் வேலை இல்லை. வந்தவருக்கு என்ன வேண்டும், எப்போது வேண்டும், எங்கே வேண்டும் என்று கேட்டு, அவருடைய ஆர்வம் ஆறுவதற்குள் ஒரு மனிதரிடம் சேர்த்துவிட்டால் போதும். கீழே உள்ளவை அனைத்தும் இந்த ஒரு வேலையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

முதலில் கேள்விகள், பிறகுதான் கணக்கு திறப்பது

பலர் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். செயலியை இணைத்து, சர்வர் ஏற்றி, கடைசியில் அவசரமாகப் பத்துக் கேள்விகளை எழுதிப் போடுகிறார்கள். கேட்கும் ஒவ்வொரு கேள்வியிலும் சிலர் கழன்றுகொள்வார்கள். அதனால் மூன்று, மிஞ்சினால் நான்கு கேள்விகளோடு நிறுத்துங்கள். எதை வைப்பது, எதை எடுப்பது என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: இந்தப் பதில் வேறாக இருந்தால் விற்பனை ஆள் செய்யப்போவது மாறுமா? மாறாது என்றால் அந்தக் கேள்வி வேண்டாம்.

சோலார் பேனல் பொருத்தும் நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். வீடா, கடையா, தொழிற்கூடமா? சொந்தக் கட்டிடமா, வாடகையா? எப்போது பொருத்த எண்ணம்? எந்த ஊர்? இவ்வளவு தெரிந்தால் யார் பேசுவது, எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்துவிடலாம். மின்னஞ்சல் முகவரி, முழு வீட்டு முகவரி எல்லாம் ஆள் பேசும்போது தானாக வரும். தொலைபேசி எண்ணையும் கேட்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் செய்தியோடு அனுப்புநரின் எண்ணும் அவர் வைத்திருக்கும் பெயரும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஆனால் அந்தப் பெயர் வெறும் பூப்படமாகவோ செல்லப்பெயராகவோ இருக்கலாம். எனவே பெயரைக் கடைசியில் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. டெலிகிராமில் எண் தானாக வராது. அங்கே "எண்ணைப் பகிர்" என்ற பொத்தானைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

பொத்தானைத் தட்டினாலே முடிகிற எளிய கேள்வி முதலில் வரட்டும், தட்டச்சு செய்ய வேண்டியது கடைசியில். பட்ஜெட்டை முதல் கேள்வியாக ஒருபோதும் வைக்காதீர்கள். அதைவிட முக்கியம், முதல் செய்தியிலேயே அவர் கேட்டதற்கு ஏதாவது பதில் இருக்க வேண்டும். விலை கேட்டவருக்கு, விலை எதைப் பொறுத்து மாறும் என்று ஒரு வரியாவது சொல்லிவிட்டுக் கேள்விக்குப் போங்கள்:

"வணக்கம்! கூரையின் பரப்பையும் மாத மின் பயன்பாட்டையும் பொறுத்து விலை மாறும். சில சின்னக் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் உங்களுக்கான மதிப்பீட்டோடு எங்கள் பொறியாளர் அழைப்பார். எங்கே பொருத்த வேண்டும்?"

இதன் கீழே மூன்று பொத்தான்கள்: வீடு, கடை, தொழிற்கூடம்.

பொத்தானில் தமிழ் எழுதும்போது

வாட்ஸ்அப்பில் ஒரு செய்திக்கு அதிகபட்சம் 3 பதில் பொத்தான்கள், ஒவ்வொன்றிலும் 20 எழுத்துக்குறிகள். அதற்கு மேல் தேவைப்பட்டால் பட்டியல் செய்தி. அதில் மொத்தம் 10 வரிசைகள், வரிசைத் தலைப்புக்கு 24 எழுத்துக்குறிகள், விளக்கத்துக்கு 72.

இங்கேதான் தமிழில் அடி விழும். நாம் ஓர் எழுத்தாகப் பார்ப்பதைக் கணினி இரண்டாக எண்ணும். "கு" என்பது அதற்கு ககரமும் உகரக் குறியும். புள்ளிக்குத் தனிக் கணக்கு. "ஒரு மாதத்துக்குள்" என்பதில் கண்ணுக்குத் தெரிவது 9 எழுத்துகளும் ஓர் இடைவெளியும். கணினிக் கணக்கில் அது 17. "மூன்று மாதத்துக்குள்" சரியாக 20, அதனால் தப்பிவிடும். "இன்னும் முடிவாகவில்லை" 21. அந்த ஒரே ஒரு குறி கூடியதற்காகப் பொத்தான் மட்டும் வெட்டுப்படாது, முழுச் செய்தியுமே நிராகரிக்கப்படும். வாடிக்கையாளர் பக்கம் எதுவும் வராது, உங்கள் பக்கம் பதிவேட்டில் ஒரு பிழை மட்டும் கிடக்கும். "முடிவாகவில்லை" என்று சுருக்கினால் 13தான். எல்லாப் பொத்தான்களையும் நிரலில் எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், கண்ணால் எண்ணாதீர்கள்.

டெலிகிராமில் பொத்தானுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் தரவுக்கு 64 பைட் வரம்பு. ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் என்பதால் 21 குறிகளிலேயே நிரம்பிவிடும். எனவே எந்தச் செயலியானாலும் பொத்தானின் உள் அடையாளத்தை ஆங்கில எழுத்தில் குறுகிய குறியீடாக வையுங்கள். எந்தக் கேள்வி, எந்தப் பதில் என்ற இரண்டும் அதில் இருக்க வேண்டும். பழைய செய்தியில் உள்ள பொத்தானை மறுநாள் வந்து தட்டுபவர்கள் உண்டு. குறியீட்டில் கேள்வியின் பெயர் இருந்தால்தான் அந்தப் பதிலைத் தவறான இடத்தில் எழுதாமல் இருக்க முடியும்.

இணைப்பது

தனியாக ஒரு புது எண் எடுங்கள். சாதாரண வாட்ஸ்அப்பில் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணை அப்படியே கொண்டுவந்தால் பதிவு தடைபடும். சில சேவை நிறுவனங்கள் வழியாக ஒரே எண்ணைச் செயலியிலும் ஏபிஐயிலும் (நிரல் மூலம் செய்தி அனுப்பும் வழி) வைத்துக்கொள்ள வழி உண்டு என்றாலும், புதிதாகத் தொடங்குபவருக்குத் தனி எண்ணில் சிக்கல் குறைவு. ஓடிபி வாங்க அந்த எண்ணில் எஸ்எம்எஸ் அல்லது அழைப்பு வர வேண்டும்.

வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவின் டெவலப்பர் பக்கத்தில் ஒரு ஆப் உருவாக்கி அதில் வாட்ஸ்அப்பைச் சேர்த்தால், சோதனைக்கு ஒரு எண் கிடைக்கும். அதிலிருந்து நீங்கள் பதிந்து வைத்த 5 எண்களுக்கு மட்டுமே செய்தி போகும். கூடவே வரும் தற்காலிக டோக்கன் (நிரல் செய்தி அனுப்பத் தேவையான அனுமதிச் சாவி) 24 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். "நேற்று நன்றாக ஓடியது, இன்று பேச மாட்டேன் என்கிறது" என்ற புலம்பலுக்கு முதல் காரணம் இதுதான். மெட்டாவின் பிசினஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு சிஸ்டம் யூசரை (ஆளுக்கு அல்ல, நிரலுக்கான கணக்கு) உருவாக்கி, ஆப்பையும் வாட்ஸ்அப் கணக்கையும் அதன் பொறுப்பில் விட்டு, செய்தி அனுப்பும் அனுமதி, கணக்கை நிர்வகிக்கும் அனுமதி இரண்டையும் கொடுத்து, காலாவதியாகாத டோக்கன் எடுத்து வையுங்கள்.

அடுத்தது வெப்ஹூக், அதாவது வந்த செய்தியை மெட்டா உங்கள் சர்வருக்கு அனுப்பும் முகவரி. செல்லுபடியாகும் சான்றிதழோடு கூடிய ஹெச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். சரிபார்ப்பின்போது மெட்டா ஒரு எண்ணை அனுப்பும். அதே எண்ணை மேற்கோள்குறி, ஜேசன் (தரவு எழுதும் ஒரு வடிவம்) என்று எந்தச் சுற்றலும் இல்லாமல் வெறுமனே திருப்பி அனுப்ப வேண்டும். சரிபார்ப்பு முடிந்த பிறகு "மெசேஜஸ்" என்ற புலத்துக்குத் தனியாகச் சந்தா போட வேண்டும், அதாவது செய்திகளை அனுப்பச் சொல்லித் தேர்வு செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டு, எல்லாம் பச்சையாக இருந்தும் செய்தி வரவில்லையே என்று மணிக்கணக்கில் தேடுபவர்கள் ஏராளம்.

செய்தி வந்ததும் உடனே, "வந்து சேர்ந்தது" என்று பொருள்படும் 200 என்ற பதிலை மெட்டாவுக்கு அனுப்பிவிடுங்கள். தரவுத்தளம், சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரம் பதியும் மென்பொருள்) வேலைகளை எல்லாம் பின்னணி வரிசையில் போடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் மெட்டா அதே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும், 7 நாட்கள் வரைகூட. அப்போது ஒரே ஆள் இரண்டு லீட்டாகப் பதிவாவார், ஒரே கேள்வி அவருக்கு இரண்டு முறை போகும். ஒவ்வொரு செய்திக்கும் தனி அடையாளம் இருக்கிறது. ஒரு முறை பார்த்த அடையாளம் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடுங்கள். போய்ச் சேர்ந்தது, படிக்கப்பட்டது என்ற தகவல்களும் இதே வழியாகத்தான் வரும். அவற்றை வாடிக்கையாளர் பேச்சு என்று நினைத்துப் பதில் சொல்லும் பாட், தன்னோடு தானே பேசத் தொடங்கிவிடும்.

நிரல் எழுதத் தெரியாதவர்கள், கட்டங்களை இழுத்துப் போட்டு உரையாடல் ஓட்டம் வரையும் சேவைகளைப் பயன்படுத்தலாம். வெப்ஹூக் தொல்லை இருக்காது. பொத்தான் வரம்பும், கீழே சொல்லப்போகும் 24 மணி நேர விதியும் அங்கேயும் அதேதான்.

பதில் வர வர எழுதி வையுங்கள்

எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு மொத்தமாகச் சேமிக்கும் பாட், பாதியில் போனவரை முழுவதுமாக இழக்கிறது. முதல் "வணக்கம்" வந்த கணத்திலேயே ஒரு வரிசை திறந்து எண், நேரம், எங்கிருந்து வந்தார் என்பதைப் பதிந்துவிடுங்கள். ஒவ்வொரு பதிலும் வர வர அதில் ஏறட்டும். "வீடு, சொந்தக் கட்டிடம்" என்பதோடு நின்றுபோனவரையும் விற்பனை ஆள் அழைக்கலாம், அவரும் லீட்தான்.

எங்கிருந்து வந்தார் என்பதை முதல் செய்தியிலேயே பிடிக்க வேண்டும், பிறகு கிடைக்காது. வாட்ஸ்அப்பைத் திறக்கும் வகை விளம்பரத்தைத் தட்டி வருபவரின் முதல் செய்தியோடு விளம்பரத்தின் அடையாளம் சேர்ந்து வரும். இணையதளம், அச்சுத் தாள் போன்றவற்றுக்கு வாட்ஸ்அப்பின் சுருக்க இணைப்பில் (தட்டினால் உங்கள் அரட்டையைத் திறப்பது) முன்கூட்டியே எழுதிய வாக்கியம் ஒன்றை வைத்து, அதன் கடைசியில் ஒரு குறியீடு சேருங்கள். அந்த இணைப்பில் எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுத வேண்டும். கூட்டல் குறி, முன் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது.

பாதியில் நின்றவருக்கு ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அவர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நீங்கள் விரும்பியதை எழுதலாம். அதன் பிறகு மெட்டா ஒப்புதல் தந்த டெம்ப்ளேட் (முன்கூட்டியே எழுதி வைத்த) செய்தி மட்டுமே போகும், விளம்பர வகை டெம்ப்ளேட்டுக்குக் கட்டணமும் உண்டு. இருபத்து மூன்றாவது மணி நேரம் வரை காத்திருக்க வேண்டாம். மூன்று நான்கு மணி நேரத்துக்குள், பகலில், நின்ற கேள்வியை அதே பொத்தான்களோடு மறுபடி காட்டுங்கள்.

மனிதர்கள் பொத்தானைத் தட்ட மாட்டார்கள்

பொத்தான் இருக்கும்போதே "வீட்டுக்குத்தான்" என்று எழுதுவார்கள். குரல் பதிவு அனுப்புவார்கள், மின் கட்டண ரசீதைப் படம் பிடித்து அனுப்புவார்கள். "வணக்கம்", "விலை", "வேணும்" என்று மூன்று செய்திகளாக உடைத்தும் எழுதுவார்கள். மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் போனால் அபத்தமாக இருக்கும். எனவே ஒரு செய்தி வந்ததும் மூன்று நான்கு விநாடி பொறுத்து, அதற்குள் வந்தவற்றைச் சேர்த்துப் படிக்கச் செய்யுங்கள். முக்கியச் சொற்களை மூன்று வடிவங்களில் வையுங்கள்: எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ், ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழ். மூன்றாவது வகை மிக அதிகம், அதிலும் ஒரே சொல்லை ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள்.

குரல் பதிவுக்கும் படத்துக்கும் "புரியவில்லை" என்று பதில் சொல்லாதீர்கள். மெனக்கெட்டுப் பேசி அனுப்பியவர் வாங்கும் எண்ணத்தோடு வந்தவர். நேராக ஆளிடம் தள்ளுங்கள். எழுத்துச் செய்தியிலும் அடுத்தடுத்து இரண்டு முறை புரியாவிட்டால் மூன்றாவது முறை கேட்கவே கூடாது, ஆளுக்குப் போக வேண்டும். தானியங்கிப் பதில் வைப்பவர்கள் மனிதரை அடையத் தெளிவான வழி தர வேண்டும் என்பது வாட்ஸ்அப்பின் வணிக விதியும்கூட.

ஒப்படைப்பு

விற்பனை ஆளுக்குப் போகும் அறிவிப்பு, ஸ்க்ரோல் செய்யாமல் ஒரே பார்வையில் படிக்கும்படி இருக்கட்டும்: "வீடு, சொந்தம், ஒரு மாதத்துக்குள். விளம்பரம் வழி. ரசீதுப் படம் அனுப்பியுள்ளார். இன்னும் யாரும் பேசவில்லை." கீழே அரட்டையைத் திறக்கும் இணைப்பு. குழுவில் எல்லோருக்கும் அனுப்பினால் ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவார்கள். ஒருவர் பெயரில் ஒதுக்கி, 10 நிமிடத்தில் அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு மாற்றுங்கள்.

ஆள் ஒரு வரி எழுதிய கணமே அந்த அரட்டையில் பாட் வாயை மூட வேண்டும். விலை பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் "எங்கே பொருத்த வேண்டும்?" என்று பாட் குதித்தால் நம்பிக்கை போய்விடும். ஒவ்வொரு எண்ணுக்கும் "இப்போது பேசுவது யார்" என்ற அடையாளக் குறி ஒன்று வைத்து, ஆள் பேசி 12 மணி நேரம் அமைதியாக இருந்தால் மட்டுமே பாட்டுக்குத் திரும்பும்படி செய்யுங்கள். இரவில் வருபவரிடம் "உடனே அழைக்கிறோம்" என்று சொல்ல வேண்டாம். "காலை 10 மணிக்குள் அழைப்போம்" என்று சொல்லி, அப்படியே அழையுங்கள்.

கடைசிக் கேள்வியோடு, சலுகைச் செய்திகள் அனுப்பலாமா என்று தனியாகக் கேட்டு, பதிலைத் தேதியோடு பதியுங்கள். "நிறுத்து" என்று எழுதினால் உடனே நிற்க வேண்டும். கேட்காதவருக்கு அனுப்பினால் அவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் கொடுப்பார்கள். உங்கள் எண்ணின் தர மதிப்பீடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் இறங்கும்.

வெளியிட்ட பிறகு ஒவ்வொரு கேள்வியிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று வாரம் ஒரு முறை எண்ணுங்கள். ஒரே கேள்வியில் கூட்டமாக விழுந்தால் அதன் வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள், பிறகு அதை ஒரு படி கீழே தள்ளிப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் அதை எடுத்துவிட்டு, ஆள் அழைக்கும்போது கேட்கும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.